ஏரி காத்த ராமரும் சியாட்டில் சாக்கடையும்

அப்பா முதல்முறை இங்கே வந்து இறங்கிய மூன்றாம் நாள். ஜெட் லேக்கில் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார், பாவம். வெளிச்சம் வந்ததும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கிர்க்லண்டில், வாஷிங்டன் ஏரியின் கிழக்குக் கரை. எதிர்க்கரையில் சியாட்டில். ஊரிலிருந்து வருகிற எல்லோரும் அந்த இடத்துக்கு வந்ததும் ஃபோனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர், அதற்குப் பின்னால் ஊர், அதற்கும் பின்னால் பனி மூடிய மலை என்று அப்படி ஒரு காட்சி. அப்பா எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.

"வரத்து எங்கடா?"

எனக்குத் தெரியவில்லை.

"சரி, கலங்கல்?"

அதுவும் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக இந்த ஏரியைத் தாண்டித்தான் ஆபீஸ் போய் வருகிறேன், அதன்மேல் மிதக்கிற பாலத்துக்கு டோல் கட்டியே ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கலாம். ஆனால் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தால் எங்கே போகிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அவருக்குச் சொந்த ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கம். வேலை பார்த்தது தபால் துறையில் என்றாலும் ஆள் முழுக்க ஏரிப் பாசனக்காரர். மதுராந்தகம் ஏரியின் முழு மட்டம் 23.3 அடி என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிறந்த நாள் மாதிரி மனப்பாடம். ஐப்பசி பிறந்துவிட்டால் பேப்பரில் முதலில் பார்ப்பது அதைத்தான். ஏரி என்றால் அவருக்கு வரத்து, கரை, மதகு, கலங்கல். இந்த நாலையும் பார்க்காமல் தண்ணீரின் அழகைப் பற்றிப் பேசுகிறவனை அவர் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தவன்தான், இரண்டு வருஷமாகிறது, இன்னும் நிறுத்தவில்லை.

ஏரி சுமார் 35 கிலோமீட்டர் நீளம், அதிகபட்ச ஆழம் 65 மீட்டர், அதாவது நம் 23.3 அடிக்குப் பக்கத்தில் 213 அடி. தெற்கே சீடர் ஆறு, வடக்கே சமாமிஷ் ஆறு, இவைதான் பெரிய வரத்து. கலங்கல் கதை இன்னும் சுவாரசியம். இந்த ஏரி முன்னால் தெற்குப் பக்கமாக பிளாக் ரிவர் என்ற ஆற்றின் வழியாகத்தான் வழிந்துகொண்டிருந்தது. கப்பல் போக வேண்டும் என்று மேற்கே கால்வாய் வெட்டி, 1916-ல் ஏரியைத் திறந்துவிட்டார்கள். ஏரி மட்டம் ஏறக்குறைய 9 அடி இறங்கியது. பிளாக் ரிவர் வறண்டே போனது. அந்த ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்த துவாமிஷ் பழங்குடி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆற்றில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த சீடர் ஆற்றையும் திருப்பி ஏரிக்குள் விட்டார்கள். இப்போது ஏரி வழிவது பாலார்டு என்ற இடத்தில் இருக்கும் கப்பல் மதகுகள் வழியாக.

மறுநாள் காலை காபியோடு இதையெல்லாம் ஒப்பித்தேன். "கலங்கலையே மாத்திட்டானுங்களா!" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பாலார்டுக்குப் போய், மீன் ஏறும் படிக்கட்டைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தபிறகுதான் கொஞ்சம் சமாதானமானார்.

இனி ராமர் கதை. மதுராந்தகத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்கார கலெக்டர் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடையப் போகிறது என்று பயம். கோயிலில் தாயார் சன்னதித் திருப்பணிக்காகக் கருங்கல் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து, உங்கள் சாமிக்குச் சக்தி இருந்தால் கரையைக் காப்பாற்றட்டும், காப்பாற்றினால் நானே சன்னதி கட்டித் தருகிறேன் என்றாராம். அன்று இரவு கொட்டுகிற மழையில் கரையைப் பார்க்கப் போனால், வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரையில் காவல் நிற்கிறார்கள். ராம லட்சுமணர்கள். கரை உடையவில்லை. அதனால்தான் அவர் ஏரி காத்த ராமர்.

"எங்க ஊர் ஏரியை ராமர் காத்தார். இந்த ஏரியைக் காத்தது யாரு?" அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, அதுவும் பெயர், தேதி, ஓட்டு எண்ணிக்கை சகிதமாக. பதில் ஒரு வரியில்: ஒரு பேராசிரியர், ஒரு வக்கீல், வீடு வீடாகப் போன பெண்கள், அப்புறம் ஒரு சாக்கடை வரி.

1950-களில் இந்த ஏரியைச் சுற்றி ஊர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைத்து, சுத்திகரித்த தண்ணீரை ஏரியில் விட்டது. நாளைக்கு ஏழரைக் கோடி லிட்டர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இவர்கள் சாக்கடையை அப்படியே விடவில்லை. நாற்றம் இல்லாமல், கண்ணுக்குத் தெளிவாக, சட்டப்படி சுத்தமாக்கித்தான் விட்டார்கள். ஆனால் அந்தக் காலச் சுத்திகரிப்பில் பாஸ்பரஸ் போகாது. பாஸ்பரஸ் உரம்தானே டிஏபி, அதை வயலில் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஏரிக்கு தினமும் உரம் போட்டார்கள், பயிர் விளைந்தது. பயிர் என்றால் பாசி.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்று ஒரு ஏரி விஞ்ஞானி இருந்தார். 1955-ல் அவருடைய மாணவர்கள் ஏரியிலிருந்து எடுத்து வந்த தண்ணீரில் ஆசிலடோரியா ருபெசென்ஸ் என்ற நூல் மாதிரியான, செம்மை ஓடிய ஒரு பாசி இருந்தது. பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் ஏரி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கெட்டுப்போக ஆரம்பித்தபோது வந்து நின்றது இதே பாசிதான். அதாவது இது வியாதி இல்லை, வியாதி வரப்போகிறது என்பதற்கான அடையாளம். அப்போது ஏரி பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது, ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு அதிர்ஷ்டம், 1933-லும் 1950-லும் யாரோ புண்ணியவான்கள் இந்த ஏரியை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பழைய கணக்கு இல்லாவிட்டால், எட்மண்ட்சன் என்ன சொன்னாலும் "எப்பவும் இப்படித்தாங்க இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். நம் ஊரில் எத்தனை ஏரிக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அதை விடுங்கள்.

அதே சமயம் ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வக்கீல், இத்தனை ஊர்களும் தனித்தனியாக இருந்தால் எதையும் சரி பண்ண முடியாது, எல்லா ஊருக்கும் பொதுவாக ஓர் அமைப்பு வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார். எட்மண்ட்சன் அவருக்குக் கடிதம் எழுதினார். பாஸ்பரஸ் இப்படியே வந்தால் ஏரி எப்படிக் கெடும், வரத்தை நிறுத்தினால் எப்படித் திரும்பும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். விஞ்ஞானிகள் வழக்கமாக "மேலும் ஆய்வு தேவை" என்று ஒதுங்குகிற இடம் அது. இவர் ஒதுங்கவில்லை.

1957-ல் மாநிலச் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது, 1958 மார்ச்சில் ஓட்டெடுப்பு. மெட்ரோ என்று பெயர் வைத்தார்கள். சாக்கடை, போக்குவரத்து, நகரத் திட்டமிடல் மூன்றும் ஒரே அமைப்பின் கையில். தோற்றது! சியாட்டிலுக்குள் ஜெயித்தது, வெளியே இருந்த சின்ன ஊர்களில் தோற்றது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும் என்பது விதி. பெரிய ஊர் வந்து நம்மை விழுங்கிவிடும், தலைக்கு மேல் இன்னொரு அரசாங்கம், இன்னொரு வரி என்று பயம். அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன். சென்னை மாநகராட்சியோடு எங்கள் ஊராட்சியைச் சேர்க்காதே என்று எத்தனை கிராமங்கள் கொடி பிடித்திருக்கின்றன, அவர்கள் பயம் பொய்யா என்ன.

தோற்றவுடன் எல்லிஸ் ஆட்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். மக்களுக்குப் புத்தி இல்லை என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. போக்குவரத்தையும் திட்டமிடலையும் தூக்கி எறிந்துவிட்டு, சாக்கடை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதே வருஷம் மறுபடி ஓட்டுக்குப் போனார்கள். பெண்கள் அமைப்புகள் தெருத்தெருவாக இறங்கின. "எச்சரிக்கை, அசுத்த நீர், குளிக்கக் கூடாது" என்ற பலகைக்குப் பக்கத்தில் குழந்தைகள் நிற்கிற ஒரு போட்டோ பிரசாரத்தில் எல்லா இடத்துக்கும் போனது. வெயிலும் கை கொடுத்தது. அந்த வருஷக் கோடை நல்ல சூடு, பாசி பொங்கி, கரையெல்லாம் நாறியது. செப்டம்பரில் ஜெயித்தார்கள். ஏரியே தனக்கு ஓட்டுக் கேட்டது என்று அப்பாவிடம் சொன்னேன், அதற்குச் சிரித்தார்.

ஜெயித்த மறுநாளே ஏரி சுத்தமாகிவிடவில்லை, அதுதான் கொடுமை. ஏரியைச் சுற்றிப் பெரிய குழாய் பதித்து, கழிவுநீரையெல்லாம் திருப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு 14 கோடி டாலர், அந்தக் காலத்துப் பணம். முதல் குழாய் திரும்பியது 1963-ல், கடைசிக் குழாய் 1968-ல். நடுவில் ஏரி இன்னும் மோசமானது, பத்திரிகைக்காரர்கள் "லேக் ஸ்டிங்கோ" என்று பெயரே வைத்துவிட்டார்கள், நாத்த ஏரி. 1960-களின் நடுவில் கோடையில் தண்ணீருக்குள் ஒரு மீட்டர்கூடப் பார்வை போகாது. வரியையும் கட்டிக்கொண்டு நாற்றத்தையும் மோந்துகொண்டு பத்து வருஷம் பொறுமையாக இருந்த ஜனங்களைத்தான் நான் ராம லட்சுமணர் என்பேன்.

அப்புறம் திரும்பியது. அடியில் படிந்த சேற்றிலேயே எவ்வளவோ பாஸ்பரஸ் இருக்கிறது, இந்த ஏரி இனி தேறாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள், ஆனால் எட்மண்ட்சன் சொன்னபடிதான் நடந்தது. காரணம் வரத்துதான். சீடர் ஆற்றின் மேற்பகுதிக் காடு அநேகமாக முழுக்க சியாட்டில் மாநகராட்சிக்குச் சொந்தம், குடிநீருக்காக வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், சும்மா சுற்றிப் பார்க்கக்கூட உள்ளே விடமாட்டார்கள். அந்தத் தெளிந்த மலைத் தண்ணீர் வந்து, சுமார் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏரியை மொத்தமாக மாற்றிவிடுகிறது. கெட்ட வரத்தை நிறுத்தினார்கள், நல்ல வரத்து கழுவிவிட்டது. 1976-ல் யாரும் எதிர்பார்க்காத போனஸ் ஒன்று: டாஃப்னியா என்ற கடுகளவு உயிர் ஏரியில் பெருகியது. அது பாசியை வடிகட்டித் தின்னும். நூல் பாசி இருந்தவரை டாஃப்னியாவின் வாயில் சிக்கிக்கொண்டு அதைத் தின்னவிடவில்லை, நூல் பாசி ஒழிந்ததும் டாஃப்னியாவுக்கு ராஜ்ஜியம். அதற்குப் பிறகு கோடையில் ஆறு ஏழு மீட்டர் வரை பார்வை போக ஆரம்பித்தது. உலகத்தில் ஏரி பற்றிப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிக்கிற கதை ஆகிவிட்டது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார். "சரி, அந்தக் குழாயைத் திருப்பி எங்க விட்டான்?"

கடலில்.

"ஏரியில இருந்து எடுத்து கடல்ல விட்டா அதுக்குப் பேரு சுத்தமா?"

நியாயமான கேள்விதான். பியூஜெட் சவுண்ட் என்ற கடல் பகுதியில், வெஸ்ட் பாயிண்ட் என்ற இடத்தில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் 1966-ல் வந்தது. ஆனால் அங்கே இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு வர 1995 ஆகிவிட்டது, அதுவரை கடல்தான் சுமந்தது. 2017 பிப்ரவரியில் ஒரு பெருமழை நாளில் அந்த நிலையமே வெள்ளத்தில் மூழ்கி, கோடிக்கணக்கான லிட்டர் மழைநீரும் சாக்கடையும் அப்படியே கடலுக்குப் போனது. ஏரிக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். கடல் பெரியது, கலந்தால் தெரியாது என்பது ஒரு பாதி உண்மை, அவ்வளவுதான்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன். எழுதுவதற்குக் காரணம் என் கார்.

இது அப்பா வருவதற்கு நாலு வருஷம் முன்னால், நாங்கள் வீடு வாங்கிய புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஞாபகத்தில், வாசலில் காரை நிறுத்தி, வாளி வாளியாக சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நுரை டிரைவ்வேயில் இறங்கி, தெருவோரமாக ஓடி, மூலையில் இருந்த இரும்புச் சல்லடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பார்க்கவே திருப்தியாக இருந்தது, உண்மையைச் சொன்னால். எதிர் வீட்டுப் பாட்டி (எழுபதைத் தாண்டியவர், அதுவரை ஹலோ மட்டும்தான்) தெருவைக் கடந்து வந்தார். திட்டவில்லை. அந்தச் சல்லடைக்குப் பக்கத்தில் தரையில் ஒட்டியிருந்த சின்ன வட்டத் தகட்டைக் காலால் காட்டினார். மீன் படம் போட்டிருந்தது. "இது சாக்கடைக் குழாய் இல்லை, மழைநீர்க் குழாய். எந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகாது. நேராக ஓடைக்கு, ஓடையிலிருந்து ஏரிக்கு" என்றார். பிறகு ஒரு வார்த்தை சேர்த்தார், அவர் எட்டு வயதில் இந்த ஏரியில் இறங்கக் கூடாது என்று வீட்டில் தடையாம், அவர் அம்மா 1958-ல் கையில் நோட்டீஸ் கட்டோடு கதவு கதவாகத் தட்டியவராம்.

எனக்கு அப்போது மெட்ரோவும் தெரியாது, 1958-ம் தெரியாது. யாரோ ஒரு பாட்டி கார் கழுவினதுக்கு வரலாறு சொல்கிறார் என்று எரிச்சல்தான் வந்தது. ஹோஸை மூடிவிட்டு உள்ளே போய், மனைவியிடம், "சொந்த வீட்டு வாசல்ல காரைக் கழுவக்கூட உரிமை இல்ல இந்த ஊர்ல" என்று புலம்பினேன். அவள் "அந்தம்மா சொல்றது சரின்னா என்ன பண்றது?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அப்பாவை அந்தச் சல்லடையிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுதான் இப்ப வரத்து" என்றார். "சீடர் ஆறுன்ன. இதைச் சொல்லவே இல்லையே நீ."

ஆமாம், அதுதான் விஷயம். 1958-ல் எதிரிக்கு முகவரி இருந்தது. பத்துப் பன்னிரண்டு குழாய், எந்த ஊருடையது என்று தெரியும், ஒரே ஓட்டில் திருப்பிவிட முடிந்தது. இன்றைக்கு ஏரிக்கு வருகிற அழுக்குக்கு முகவரி என் வீட்டு டிரைவ்வே. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் புல்வெளி, நாய்க் கழிவு, கூரையில் பாசி போகத் தெளிக்கிற மருந்து, டயர். டயரை நான் சும்மா சேர்க்கவில்லை. இங்கே மழை பெய்த சில மணி நேரத்தில் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் வாயைப் பிளந்து சுற்றிச் சுற்றிச் செத்துக்கொண்டிருந்தன, இருபது வருஷமாகக் காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 2020 டிசம்பரில்தான் கண்டுபிடிப்பு வெளிவந்தது: டயர் ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விட்டுப் போகாமல் இருக்கச் சேர்க்கிற 6பிபிடி என்ற ரசாயனம், காற்றில் ஓசோன் பட்டு வேறொன்றாக மாறி, மழையோடு ஓடைக்குப் போகிறது. டயர் தேய்மானம் இல்லாமல் யார் கார் ஓட்டுவது? இதற்கு எந்தப் பாட்டி வந்து யாரிடம் தெருவைக் கடந்து சொல்ல முடியும்? அந்தத் தண்ணீரையே மண்ணும் மட்கும் நிறைந்த ஒரு பள்ளத்தில் வடியவிட்டு எடுத்தால் மீன் சாகவில்லை என்பது மட்டும் ஆறுதல். அதனால்தான் இங்கே தெருவோரம் பள்ளம் தோண்டிச் செடி வைக்கிறார்கள். நான் முதலில் அழகுக்கு என்று நினைத்தேன்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது. பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் போடுகிற சோப்பில் பாஸ்பேட் 2010 முதல் மாநிலம் முழுக்கக் கிடையாது. வந்த புதிதில், நம் சட்டிகளில் ஒட்டிய எண்ணெய் போகவில்லை என்று இந்திய வீடுகளில் எல்லாம் இதே புலம்பல்தான். 2013 முதல் புல்வெளி உரத்திலும் பாஸ்பரஸ் கிடையாது, புதிதாகப் புல் போடுகிறவர்களுக்கும் மண் பரிசோதனையில் குறைவு என்று வந்தவர்களுக்கும் மட்டும் விலக்கு. அப்பா கடையில் உர மூட்டையைப் புரட்டிப் பார்த்து, மூன்று நம்பரில் நடு நம்பர், அதாவது பாஸ்பரஸ், சைபர் என்றதும், "டேய், மணிச்சத்தே இல்லாம உரம் விக்கிறான்டா" என்று சத்தமாகச் சிரித்தார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. காரை வெளியே கழுவும் கடைக்குக் கொண்டுபோகிறேன், அங்கே தண்ணீர் சாக்கடைக்குப் போய் சுத்திகரிப்புக்குப் போகும். எங்கள் கிங் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) சின்னச் சின்ன ஏரிகளை அந்தந்தக் கரைக்காரர்களே தன்னார்வமாக அளக்கிற திட்டம் ஒன்று பல வருஷமாக நடக்கிறது. கோடைக்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அந்த எதிர் வீட்டுப் பாட்டிக்கு முட்டி வலி, படகில் ஏற முடியவில்லை, அவர் தங்கை வீட்டுப் பக்கத்துச் சின்ன ஏரிக்குத் துடுப்புப் போட ஆள் வேண்டும் என்றார். போனேன். இப்போது தங்கையம்மாவும் நானும்தான் டீம்.

அளக்கிற கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். சாப்பாட்டுத் தட்டு அளவில், 20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். நாலு பாகமாகப் பிரித்து, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நடுவில் ஓட்டை போட்டு, மீட்டர் குறித்த கயிறு. செக்கி தட்டு என்று பேர், 1865-ல் ஆஞ்ஜெலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பின் கப்பலில் இருந்து இப்படி ஒரு தட்டை இறக்கிப் பார்த்தார், இன்னும் அதே முறைதான். ஏரி நடுவில் நங்கூரம் போட்டு, கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு, படகின் நிழல் விழுகிற பக்கமாகக் குனிந்து, தட்டை இறக்க வேண்டும். முதலில் வெள்ளை பளிச்சென்று தெரியும், இறங்க இறங்க இளம்பச்சையாகும், அப்புறம் பச்சை, அப்புறம் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம், அப்புறம் இல்லை. அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுபடி மெதுவாக மேலே இழுத்து, எங்கே கண்ணுக்குத் தட்டுப்படுகிறதோ அதையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி. முதல்நாள் எனக்கும் தங்கையம்மாவுக்கும் அரை மீட்டர் வித்தியாசம். என் கண்ணை நம்பாமல் போய்க் கண் டாக்டரைப் பார்த்து, பவர் ஏறியிருந்தது, அது வேறு கதை. அப்புறம் இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில் நிறுத்தி, கயிற்றில் ஒரு எடையை நழுவவிட்டால் டொக்கென்று அது போய் இடித்து இரண்டு மூடியும் மூடிக்கொள்ளும். உள்ளே அந்த ஆழத்துத் தண்ணீர். பாட்டிலில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, லேபுக்கு.

இதில் வீரம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் பொறுக்குகிற நாளில் நூறு பேர் டீ ஷர்ட் போட்டு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், நானும் போயிருக்கிறேன், தப்பில்லை. ஆனால் பாசிக்குப் பிளாஸ்டிக் தேவையில்லை. பிளாஸ்டிக் ஒன்றுகூட இல்லாத ஏரி பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகி, அதைக் குடித்த நாய் செத்துப்போவதும் இங்கே நடக்கிறது. ஆகஸ்ட் மாதம் மழைத்தூறலில் இரண்டு பேர் படகில் உட்கார்ந்து 3.2 என்று எழுதிக்கொண்டு வருவதற்கு யார் போட்டோ எடுக்கப்போகிறார்கள். ஆனால் 1933-ல் யாரோ இப்படி எழுதி வைத்ததால்தான் 1955-ல் பேச முடிந்தது.

அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் மப்ளர். தட்டை அவரே இறக்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை, கோயிலில் நிற்கிற மாதிரி முகம். "போச்சு" என்றார். பிறகு, "வந்துடுச்சு." தங்கையம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இருந்தும் சரியான இடத்தில் சரியான எண்ணை எழுதிக்கொண்டார்.

அதே அப்பாதான் அடுத்த வாரம் ஏரிக்கரையில் காலை மிச்சமான நாலு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். சாதாரண வாத்து இல்லை, கனடா கூஸ், ஒன்று வந்தால் நாற்பது வரும். கோடையில் வாராவாரம் குளிக்கிற கரைகளில் கிருமி அளவு பார்ப்பார்கள், எல்லை தாண்டினால் கரையை மூடிவிடுவார்கள். மூடுவதற்குப் பல காரணங்களில் இந்தப் பறவைகளின் எச்சமும் ஒன்று. தீனி போடாதே என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். "பட்சிக்குச் சோறு போடறது பாவமாடா?" என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. மீதி இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார், கோபம் வீடு வரைக்கும் இருந்தது.

ஆறு மாதம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிற பில்லைப் பார்த்தால், கழிவுநீருக்கென்று மாதம் 50 டாலருக்கு மேல் தனியாக ஒரு வரி இருக்கும். மெட்ரோ 1994-ல் கவுண்டியோடு சேர்ந்துவிட்டது, கட்டணம் மட்டும் தொடர்கிறது. முன்னால் அதைப் பார்த்தாலே எரியும். இப்போதும் எரிகிறது, பொய் சொல்லக் கூடாது, ஆனால் எதற்கு என்று தெரிந்து எரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். மருந்து, தங்கச்சி மாமியார், கரண்ட் கட் எல்லாம் முடிந்தபிறகு, "இந்த வாரம் எவ்ளோ?" என்றார்.

"2.8 ப்பா."

"போன தடவை மூணரைன்ன?"

"ஆமாம்."

"மழை பேஞ்சுதா?"

"வெள்ளிக்கிழமை நல்ல மழை."

"அதான்" என்றார். பின்னணியில் அம்மா வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது.